நெருப்பிலும் நிற்காத விசிறி

அத்தியாயம் பதினொன்று

விமானத்தில் நெருப்புப் பிடித்தது காலை பத்து மணி இருபத்தாறு நிமிடத்துக்கு. எங்கள் குடும்பப் பெயரில் அது பற்றிக்கொண்டது பத்து இருபத்தேழுக்கு. விமானத்து நெருப்பை ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். மற்றது பிற்பகல் ஒன்றரை மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, வீடியோவை இருபதாயிரம் பேர் பாத்திட்டினம்," என்றாள் தயாளினி. ஒரு கையால் ஓட்டோவை ஓட்டியபடி மறு கையால் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்ரை கலியாண வீடியோவை எட்டுப் பேர்தான் பாத்தவை. அதிலை ரெண்டு பேர் நானும் அவரும்."

"றோட்டைப் பார், பிள்ளை."

"றோட்டிலை மாடுதான் நிக்குது. அது வீடியோ பாக்கேல்லை."

முப்பத்தொரு வருடம் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக, இருந்து ஓய்வு பெற்ற பரமலிங்கம் நான். என் தகப்பனார் விதானையார், அவருடைய தகப்பனாரும் விதானையார். காணாமல்போன மாடு முதல் காணாமல்போன மாப்பிள்ளை வரை, பொலிசுக்குக் கொண்டுபோக வெட்கமான விடயங்கள் எல்லாம் மூன்று தலைமுறையாக எங்கள் வாசலுக்குத்தான் வருகின்றன. கொக்கிளாய்க் கருவாட்டு வழக்கை முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. என் உடம்பில் அந்த மணம்கூட இன்னும் போகவில்லை.

தயாளினி என் தங்கை வடிவம்மாவின் மகள். அவளுடைய ஓட்டோவுக்கு உரிமம் இருக்கிறது. வாய்க்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தை அரசாங்கம் இன்னும் திறக்கவில்லை. அவளுடைய தம்பி ஜெயந்தன்தான் விமானி. எங்கள் குடும்பத்தில் தரையை விட்டு எழும்பிய முதல் ஆள் அவன். இரவில் வேலி பாய்ந்த சின்னையாவைச் சேர்த்தால் இரண்டாவது ஆள். ஆனால் அவரை நாங்கள் சேர்ப்பதில்லை.

விடயம் இதுதான். போன வருடம் பக்கத்து ஊர்க் கோயிலுக்கு ஹெலிகொப்டரில் வந்து பூத் தூவினார்கள். இந்த வருடம் எங்கள் பூநகரிக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். நாங்கள் சும்மா இருப்போமா? கொழும்புக் கம்பனி ஒன்றின் நான்கு இருக்கை விமானத்தைப் பிடித்தோம். மூக்கில் ஒரு விசிறி, அதற்குப் பின்னால் ஒரே ஓர் இயந்திரம். உப்புவெளியில் இருக்கும் தனியார் சீமெந்து ஓடுபாதையில் அது வந்து நின்றது. பின் இருக்கைகளில் கூடை கூடையாகச் செவ்வந்தி. ஓட்டுபவன் எங்கள் பிள்ளை.

இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. காரணம் எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. தேங்காய் உடைக்கவில்லை! உடனே விமானத்தின் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குள் இருந்த ஜெயந்தன் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டான். நான் ஆசீர்வதித்தேன். கற்பூரம் கொளுத்தி, மூன்று முறை சுற்றி, ஒரே அடி. எழுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு அடி அடிக்க இந்த மாவட்டத்தில் வேறு ஆள் இல்லை. "ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது!" என்று கூட்டத்துக்குச் சத்தம் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் கழித்த கண்ணூறு, அந்தக் கண்திருஷ்டி, கூடவே வந்துவிடும். கூட்டமும் என் பின்னால் நடந்தது.

சில நிமிடங்களில் இயந்திரம் மூன்றாம் தரம் சுற்றத் தொடங்கியது. யாரோ "ஐயோ!" என்றார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் திரும்பினோம். மூக்கின் அடியில் நெருப்பு. எந்த மடையனும் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருப்பான். எங்கள் பிள்ளை நிறுத்தவில்லை. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, அடுப்புக்கு விசிறுவதுபோல. வீடியோவில் இருந்தது அதுதான். ஊர் அவனுக்கு 'விசிறி பைலட்' என்று பெயரும் வைத்துவிட்டது.

*

ஓடுபாதையோரத் தகரக் கொட்டகையில் கம்பனி முகாமையாளர் சஜீவன் கணினியோடு உட்கார்ந்திருந்தார். கொழும்பு ஆள். சப்பாத்தில் உப்புவெளியின் ஒரு துகள்கூட ஒட்டவில்லை. எப்படி நடந்தாரோ தெரியாது.

"வாங்க அங்கிள்," என்றார்.

நான் என் சொந்தத் தம்பிமாரின் பிள்ளைகளுக்கே அங்கிள் இல்லை. இருந்தாலும் கதிரையில் உட்கார்ந்தேன்.

"நாலு மணிக்கு அறிக்கை அனுப்பணும்," என்றார். "இரண்டு குற்றம். ஒன்று, அளவுக்கு மேல் பெற்றோல் அடிச்சுத் தீப்பிடிக்க வைத்தது. இரண்டு, தீயைக் கண்ட பிறகும் இயந்திரத்தை நிறுத்தாதது. இது போனால் ஜெயந்தனுடைய லைசன்ஸ் அவ்வளவுதான். அவரே ஒத்துக்கொள்கிறார்."

மூலையில் ஜெயந்தன் நின்றான். வெள்ளைச் சட்டையில் கரி. கண் தரையில்.

"என்னடா ஒத்துக்கொண்டனி?"

"என்ரை பிழைதான், மாமா. அப்பிடியே எழுதட்டும்."

"என்ன பிழை? எப்பிடிப் பிழை?"

"பிழைதான்."

ஒன்பது வருடம் படித்து வாங்கிய லைசன்ஸ். தங்கச்சி தன் தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விற்றுப் படிப்பித்த படிப்பு. இவன் அதைச் சந்தையில் புடலங்காய் கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்!

"விதானை வீட்டு ஆள் ஒருத்தரும் இதுவரைக்கும் செய்யாத பிழைக்குத் தலை குனிஞ்சதில்லை," என்றேன்.

"செய்த பிழைக்கும் குனிஞ்சதில்லை, மாமா," என்றாள் தயாளினி வாசலில் நின்று.

ஜெயந்தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். வாயை மூடு என்ற பார்வை. அதை நான் கவனித்தேன்; துப்பறிகிறவன் கவனிப்பான். ஆனால் அதன் பொருளைப் பிழையாகக் கவனித்துவிட்டேன். யாரையோ காப்பாற்றுகிறான் என்பது தெரிந்தது. யாரை என்பதுதான் கேள்வி. பெண் விவகாரமாக இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"நாலு மணிக்கு முதல் வாறன்," என்று எழுந்தேன். "அதுவரைக்கும் அந்தக் கணினியிலை ஒரு சொல்லும் கூடப்படாது."

*

விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தில், மூக்குக் கறுத்து, வெட்கப்பட்டவர்போல நின்றது. சிந்திய செவ்வந்தியை நான்கு ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. கோயிலில் ஆயிரம் பேர் அன்று காலை முழுவதும் வானத்தைப் பார்த்துக் கழுத்துப் பிடித்து நின்றார்கள். பூ கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இது.

மூக்கின் அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தவர் அஸ்வர். கம்பனியின் மெக்கானிக். முல்லைத்தீவில் பிறந்து, சிறு வயதில் புத்தளத்துக்குப் போய், திரும்பி வந்த குடும்பம். அவருடைய வாப்பாவை எனக்குத் தெரியும். நேர்மையான புடவை வியாபாரி.

"தம்பி அஸ்வர், ஒரு உண்மை சொல்லும். நெருப்பைக் கண்ட பிறகும் அவன் ஏன் விசிறியைச் சுத்தினவன்?"

அஸ்வர் வெளியே வந்து கையைத் துடைத்தார். "ஐயா சுருட்டுப் பத்துவீங்களா?"

"எங்கடை குடும்பத்திலை அந்தப் பழக்கம் இல்லை."

"முன்வாசல்லை இல்லை," என்றாள் தயாளினி. "கோழிக்கூட்டுக்குப் பின்னாலை உண்டு. கோழியள் எல்லாம் இருமுது."

அஸ்வர் சிரிப்பை விழுங்கினார். "சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன். சுருட்டை உள்ளுக்கு இழுக்கக்குள்ள நெருப்பு எந்தப் பக்கம் வரும்? உள்பக்கம். இஞ்சினும் அப்படித்தான். விசிறி சுத்துற வரைக்கும் அது மூச்சு இழுக்கும். மூக்கில பத்தின நெருப்பையும் சேத்து இழுக்கும். நிப்பாட்டினா மூச்சு நிண்டு போகும். நெருப்பு வெளிய வந்து முழுக்கப் புடிச்சிடும்."

"அப்ப சுத்தினது…"

"சுத்தத்தான் வேணும். புத்தகத்தில முதல் வரி அது. இஞ்சின் புடிச்சா கொஞ்சம் ஓட விட்டு நெருப்பை விழுங்க விடணும். பிறகு பெற்றோலை மூடி, கரண்டை நிப்பாட்டி, நெருப்பணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கணும். ஜெயந்தன் தம்பி ஒவ்வொண்டா அதைத்தான் செஞ்சார். இறங்கி நிலத்தில மிஞ்சினதையும் அவர்தான் அணைச்சார். நீங்க எல்லாரும் அப்ப றோட்டு வரைக்கும் ஓடிட்டீங்க."

"நான் ஓடேல்லை. விரைவாக நடந்தனான்."

"செருப்பை விட்டிட்டு விரைவாக நடந்தவர்," என்றாள் தயாளினி. "நான்தான் எடுத்து வந்தனான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருபதாயிரம் பேர் சிரித்தது ஒரு விமானத்தையே காப்பாற்றிய கையைப் பார்த்து! ஒரு குற்றம் விழுந்துவிட்டது. மற்றது நின்றது. பற்ற வைத்தது யார்?

"பெற்றோல் கூட அடிச்சவனோ?"

"ரெண்டு தரம் புடிக்கலை எண்டா கொஞ்சம் ஒழுகும். எல்லா விமானத்திலயும் ஒழுகும். அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா காஞ்சு போயிடும். அவர் சும்மாதான் இருந்தார்." அஸ்வர் குனிந்து முன் சக்கரத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க. உள்ளுக்குப் பத்தியிருந்தா மூக்குத்தான் முதல்ல கறுக்கும். ரயருக்கு ஒண்டும் வராது. இது ரயர் அடியிலிருந்து கறுத்து மேல ஏறியிருக்கு. நெருப்பு இயந்திரத்துக்குள்ள பிறக்கலை, ஐயா. வெளியில பிறந்து உள்ள போயிருக்கு."

சீமெந்தில் ஒரு கறுத்த வட்டம் இருந்தது. உள்ளங்கை அளவு. அதிலிருந்து ஒரு கரிக்கோடு, பெற்றோல் ஒழுகிய இடம் வரைக்கும் வால்போல ஓடியது.

தயாளினி குந்தியிருந்து அந்த வட்டத்தை மணந்து பார்த்தாள்.

"என்ன மணக்குது?"

"பெற்றோல். அதோடை இன்னொண்டு. எங்கட அடுப்படியிலை நெடுக மணக்கிறது."

"உன்ரை குசினியிலை கரிஞ்ச மணம்தான் நெடுக."

"ஓம் மாமா, அதுதான்," என்றாள். அந்த ஓமில் ஏதோ இருந்தது. ஆனால் எனக்கு அதற்குள் மூளை ஓடிவிட்டது. உள்ளங்கை அளவு வட்டம், நிலத்தில் நெருப்பு, யாரும் பார்க்காத நேரம்.

"பீடி!" என்றேன். "குந்தியிருந்து பீடி பத்தினவன் ஒருத்தன் அதைப் போட்டிட்டுப் போயிருக்கிறான். இந்த ஓடுபாதையிலை பீடி பத்திறவர் ஆர்?"

"காவலுக்கு நிக்கிற ராசண்ணை," என்றாள் தயாளினி மெதுவாக. "மாமா, அவசரப்படாதேங்கோ."

"நான் நாப்பத்தொரு வழக்குப் பார்த்தவன்."

"நாப்பது. கருவாடு பூனை எடுத்தது."

*

ராசு மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்து மனிதர். ஓடுபாதைக் காவலுக்கு நான்கு வருடம். அவருடைய கொட்டிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ராசு! பீடியை எங்கை போட்டனி?"

அவர் எழுந்து நின்றார். "பீடிங்களா? அத விட்டு ஆறு மாசமாச்சுங்க ஐயா. டொக்டரு திட்டினாருங்க. இப்ப வெத்தலதான்." நாக்கை நீட்டிக் காட்டினார். கோயில் குங்குமம்போலச் சிவந்திருந்தது.

"காலமை நெருப்புப் பத்தேக்கை எங்கை நிண்டனி?"

"விமானத்துக்குப் பக்கத்துலதாங்க. முன்னாடி ஆளு இருக்கான்னு பாக்கிறது என் வேலைங்க."

"பாத்தனியோ?"

ராசு தலையைச் சொறிந்தார். "இல்லைங்க."

"ஏன் பாக்கேல்லை?"

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க திரும்பிப் பாக்காதீங்கன்னு சத்தம் போட்டீங்க. ஜெயந்தன் தம்பி கண்ணாடிக்குள்ளருந்து, ராசண்ணே, முன்னாடி ஒண்ணுமில்லையான்னு கேட்டாரு. நா முதுகக் காட்டிக்கிட்டே கைய ஆட்டி ஒண்ணுமில்லைன்னேன். பெரியவங்க பேச்சத்தானே மொதல்ல கேக்கணும்."

எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் தயாளினி பாய்ந்து திருவலையின் மேல் கையை வைத்தாள்.

"ராசண்ணை, துருவுறதை நிப்பாட்டுங்கோ! உந்தத் தேங்காய் எங்காலை?"

"ஐயா ஒடச்சதுங்க. வீணாப் போவாமப் பொறுக்கி எடுத்தேன், சம்பலுக்கு. சாமி தேங்காதானேங்க."

மூன்று துண்டு. அதில் ஒன்று பாதி துருவப்பட்டிருந்தது. தயாளினி மூன்றையும் மேசையில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு தேங்காயாக நிறுத்தினாள். அடி இருந்தது. வயிறு இருந்தது. உச்சியில் ஒரு பள்ளம்.

"ஒரு துண்டு காணேல்லை," என்றேன். "காகம் கொண்டுபோயிருக்கும்."

"எந்தத் துண்டு எண்டு பாருங்கோ."

பார்த்தேன். மூன்று கண்ணும் இருக்கும் உச்சித் துண்டு.

"மாமா," என்றாள். அவள் குரலில் பகிடி இல்லை; அது எனக்குப் பயத்தைத் தந்தது. "மற்ற ஆக்கள் கற்பூரத்தைத் தட்டிலை கொளுத்துவினம். எங்கட வீட்டிலை எங்கை கொளுத்திறது?"

எங்கள் வீட்டு வழக்கம் தனி. கற்பூரம் உருண்டு விழாமல் தேங்காயின் கண் குழியில் வைப்போம். சுடர் அணைய முன்னரே அடிப்போம். அணைந்த பிறகு அடிப்பது கோழையின் வேலை என்று என் தகப்பனார் சொல்லுவார்.

சுடரோடு அடித்த தேங்காய். இந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லாத ஒரு அடி. உள்ளங்கை அளவு ஒரு துண்டு, எரிகிற கற்பூரத்தோடு, பெற்றோல் காயாத மூக்கின் அடிக்குப் பறந்துபோய்க் குந்தியிருக்கிறது. பிறகு, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று கட்டளை போட்டவன் நான்.

கொட்டிலில் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. ராசு அதை எனக்குத் தள்ளினார். நாற்பது வழக்கில் குற்றவாளியின் அடிச்சுவட்டைத் தேடிப் போயிருக்கிறேன். அது என் செருப்புக்குப் பொருந்தியது இதுதான் முதல் தரம்.

"அவன் கும்பிட்டவன்," என்றேன். "கண்ணாடிக்குள்ளாலை என்னைக் கும்பிட்டவன்."

"கும்பிடேல்லை மாமா. கிட்ட வராதேங்கோ எண்டு கெஞ்சினவன். நீங்கள் ஆசீர்வாதம் பண்ணிப்போட்டு அடிச்சனீங்கள்."

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் வெளியே போய் ஓட்டோ இருக்கையைத் தூக்கி, ஒரு பொலித்தீன் பையோடு வந்தாள். அவிழ்த்தாள். கரிந்த சிரட்டைத் துண்டு. மூன்று கண்ணும் என்னைப் பார்த்தன. ஒரு குழியில் கற்பூரத்தின் கரி.

"பத்து நாப்பதுக்கு எடுத்தனான். உங்கட செருப்புக்குப் பக்கத்திலை கிடந்தது. சிலிண்டர் அடிச்ச வேகத்திலை அங்கை வந்திருக்கு."

"அப்ப ஏன் சொல்லேல்லை? அரை நாளா என்னை உப்புவெளி முழுக்க அலைச்சுப்போட்டாய்!"

"சொன்னால் நம்பியிருப்பியளோ? எங்கட வீட்டுத் தேங்காய் அப்பிடிச் செய்யாது எண்டு சொல்லியிருப்பியள். நீங்களே கண்டுபிடிச்சால்தான் நீங்கள் நம்புவியள். அதுக்குத்தான் இவ்வளவு பெற்றோலும் செலவழிச்சனான்." கண்ணைத் துடைத்தாள். "அவன் சொல்ல விடுறானில்லை மாமா. ஊருக்கு முன்னாலை மாமாவைக் குனிய விடமாட்டன் எண்டு நிக்கிறான். லைசன்ஸ் போனால் போகட்டுமாம்."

நேரம் மூன்று நாற்பது.

*

கொட்டகைக்குள் சஜீவன் முகம் மலர்ந்து வரவேற்றார். கோயில் தர்மகர்த்தா சபையிலிருந்து நான்கு பேர் வந்து வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சபைத் தேர்தல் இரண்டில் எனக்கு எதிராக நின்று தோற்றவர்களும் அதில் அடக்கம்.

"வாங்க அங்கிள், நல்ல செய்தி. அஸ்வர் எல்லாம் சொன்னார், நீங்கள் பீடி என்று கண்டுபிடித்ததையும். தீ வெளியிலிருந்து வந்திருக்கு. விசிறியைச் சுத்தினதும் சரிதான். பற்ற வைத்தது யார் என்பது மட்டும்தான் மிச்சம். அதற்கும் வழி இருக்கு." கணினியை என் பக்கம் திருப்பினார். "காவலாளி ராசு பீடி குடித்து எறிந்ததால் தீப்பிடித்தது. முன்னால் ஆபத்து இல்லை என்று பொய்யாகச் சைகை காட்டியதும் அவர்தான். சரியா? ஜெயந்தன் லைசன்ஸ் தப்பிடும். உங்கள் குடும்பத்துக்கும் மரியாதை. எல்லோரும் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்."

வாங்கில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ராசுவுக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. கதவுக்கு வெளியே, தன் பெயர் எழுதப்பட்டதுகூடத் தெரியாமல், கையில் தேங்காய்த் துருவலோடு அவர் நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் அந்த வரி எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

"இல்லை சேர்!" ஜெயந்தன் மூலையிலிருந்து வந்தான். காலையிலிருந்து அவன் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை. "ராசண்ணை இல்லை. அவர் பீடி பத்திறதே இல்லை."

"அப்படியானால் யார்?"

ஜெயந்தன் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். "என்ரை பேரைப் போடுங்கோ."

"யாரென்று தெரியும், சொல்லமாட்டேன் என்கிறீர்களா?"

"என்ரை பேரைப் போடுங்கோ எண்டு சொன்னனான், சேர்."

விதானை வீட்டுப் பிடிவாதம். அதை வேறொருவனிடம் பார்க்கும்போதுதான் எவ்வளவு விசர்த்தனம் என்று தெரிகிறது.

எழுந்து நின்றேன். முதுகை நேராக்கினேன். பொலித்தீன் பையை அவிழ்த்து, மூன்று கண்ணையும் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எழுதுங்கோ," என்றேன். "ஓய்வுபெற்ற விதானையார் பரமலிங்கம், வயது எழுபத்திரண்டு, விமானம் பெற்றோல் காய நிண்ட நேரத்திலை, விமானி வேண்டாம் எண்டு கை காட்டியும், எரியிற கற்பூரத்தோடை தேங்காய் உடைச்சவர். துண்டு எங்கை விழுந்தது எண்டு பாக்கேல்லை. மற்ற ஆக்களையும் பாக்க விடேல்லை. காவலாளியை அவரின்ரை வேலையைச் செய்ய விடாமல் தடுத்ததும் அவர்தான். அவர் மூட்டின நெருப்பை அவரின்ரை மருமகன் அணைச்சவர். எழுதியாச்சோ?"

சஜீவன் வாயைத் திறந்தபடி தட்டச்சினார். வாங்கில் ஒருவர் மெதுவாகக் கைபேசியை உயர்த்தினார்.

"வடிவா எடும்," என்றேன் அவரிடம். "இந்தப் பக்கம் வெளிச்சம் காணும். இருபதாயிரத்துக்குக் குறைஞ்சால் எனக்குத்தான் மரியாதை இல்லை."

தயாளினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது.

"எனக்கும் ஒரு பங்கு இருக்குது சேர்," என்றான் ஜெயந்தன். "இறங்கிப் பாத்திருக்க வேணும். மாமாவை இழுத்து நிப்பாட்டியிருக்க வேணும். விமானத்துக்கு முன்னாலை மாமா எண்டு ஒருத்தரும் இல்லை. அதையும் எழுதுங்கோ."

சஜீவன் அதையும் எழுதினார். பிறகு பீடி வரியை அழித்தார். கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினார். 'தீயை விமானி முறைப்படி கையாண்டார். புறப்பட முன் இறங்கிப் பார்க்காததற்கு எழுத்து மூல எச்சரிக்கை. உரிமத்தில் மாற்றம் இல்லை.' என் வாக்குமூலத்தில் பேனாவால் கையெழுத்து வைத்தேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரின் பத்திரங்களுக்கு வைத்த அதே கையெழுத்து. முதல் தரம் எங்களுக்கு எதிராக.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"ஐயா," என்றார் ராசு கதவடியில். "அந்தக் கண்ணுத் துண்டு சாட்சிக்கா? இல்ல, சம்பலுக்குக் கொஞ்சம் கொறையுதுங்க."

"அது சாட்சிக்கு," என்றேன். "உமக்கு நான் நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் கொண்டுவந்து தாறன்."

"உடைக்காமலுங்களா?"

"உடைக்காமல்."

வெளியே வந்தோம். உப்புவெளியில் வெயில் சரியத் தொடங்கியிருந்தது. வாங்கிலிருந்தவர்கள் பின்னால் குசுகுசுப்பது கேட்டது. அந்தச் சத்தம் வீடு வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும், பிறகு எத்தனை வருடத்துக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். தோளை நிமிர்த்திக்கொண்டு ஓட்டோவை நோக்கி நடந்தேன்.

"திரும்பிப் பாக்காதேங்கோ மாமா," என்றாள் தயாளினி பக்கத்தில். "அவங்கள் இன்னும் வீடியோ எடுக்கிறாங்கள்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

விமானத்தின் மூக்கின் அடியில் இரண்டு சோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அஸ்வருடையது. மற்றது வெள்ளைக் காற்சட்டையோடு, எங்களுக்கு முன்னே ஓடிப்போன எங்கள் வீட்டுப் பிள்ளையுடையது. உள்ளேயிருந்து ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் வந்தது. அது என்னைப் பற்றிய பகிடியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தேன்.